செம்மண்ணில் இரும்பு இருந்தும் மிளகாய்க் கன்று வெளிறுவது ஏன்? வீட்டுத் தோட்டம் தொடங்குபவர்களுக்கு மண்ணின் பீஎச்

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் விரலில் ஒட்டுகிற சிவப்பு, இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த துருதான். அதே மண்ணைச் சாடியில் நிரப்பி மிளகாய்க் கன்று நட்டு, நாள் தவறாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வந்தால் சில வாரங்களில் குருத்திலைகள் வெளிறத் தொடங்குவதுண்டு. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இடையில் எல்லாம் மஞ்சள். இரும்பு கிடைக்காத செடியின் அடையாளம் அது.

இரும்பு நிறைந்த மண்ணில் நிற்கிற செடிக்கு இரும்பு ஏன் கிடைக்கவில்லை? இதற்கான விடை விளங்கிவிட்டால் எந்தப் பசளையை எப்போது போடுவது, எந்தத் தண்ணீரை ஊற்றுவது, யாருடைய அறிவுரையைக் கேட்பது, யாருடையதை விடுவது என்பதெல்லாம் தானாகத் தெளியத் தொடங்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியும் வந்த பிறகு, முன்பு தோட்டமே செய்யாத பல வீடுகளில் நான்கைந்து சாடிகள் முளைத்தன. அவற்றில் பல காய்ந்தும் போயின. காய்ந்ததற்கு அக்கறைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. அக்கறையோடு மேலும் மேலும் எதையாவது போட்டதும் ஊற்றியதும்தான் பல இடங்களில் கன்றைக் கெடுத்தது.

கரைந்தது மட்டுமே வேருக்குள் போகும்

செடிக்கு வாய் இல்லை. மண்ணில் கிடக்கிற எதுவும் தண்ணீரில் கரைந்தால் மட்டுமே வேர் அதை எடுக்கும். கரையாமல் கிடப்பது எவ்வளவு இருந்தாலும், செடியைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் சோறு பசித்தவருக்கு உதவாததைப் போலத்தான் இதுவும்.

எந்தச் சத்து எவ்வளவு கரையும் என்பதை முடிவுசெய்வதில் பெரும்பங்கு பீஎச்சுக்கு உண்டு. ஒரு பொருள் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைச் சொல்லும் அளவு அது. பூச்சியத்தில் இருந்து 14 வரை போகும். 7 நடுநிலை. 7இற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேசிக்காய்ச் சாறு ஏறக்குறைய 2, சுத்தமான மழைநீர் 5.6 அளவில், சுண்ணாம்புத் தண்ணீர் 12இற்கு மேல்.

இந்த அளவுகோலில் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 7இல் இருந்து 8இற்குப் போவது சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியும் 10 மடங்கு. 8 என்பது 7ஐ விட 10 மடங்கு காரம், 9 என்பது 100 மடங்கு. இரும்பின் நிலை இன்னும் மோசம். மண்ணின் பீஎச் ஒரு படி ஏறினால், மண்நீரில் கரைந்திருக்கிற இரும்பு அயன்களின் அளவு ஏறக்குறைய 1000 மடங்கு குறைந்துவிடும். 6.5இல் செழிப்பாக நின்ற செடி 8இல் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டி, பயிற்றை என்று நாங்கள் வீட்டில் வளர்க்கிற பெரும்பாலானவை 6இற்கும் 7இற்கும் இடையிலேயே நன்றாக இருக்கும். 7.5ஐத் தாண்டினால் இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கெட்டாமல் போகும். பொசுபரசு கல்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். மறுபக்கம் 5.5இற்குக் கீழே போனாலும் சிக்கல்தான். அங்கே பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துவிடும், அலுமினியம் வேரையும் கருக்கும். ஆனால் அந்தப் பக்கத்துத் தொல்லை எங்கள் ஊரில் அபூர்வம்.

எங்கள் நிலத்தில் நடப்பது

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசின் காலத்தில் கடலுக்கடியில் படிந்த கல். வலிகாமத்தில் அதன் மேல் செம்மண் படர்ந்திருக்கிறது. சில இடங்களில் அலவாங்கு நன்றாக இறங்கும், சில இடங்களில் ஓரடியிலேயே கல்லில் முட்டும். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் மணல் மண் அதிகம். தீவுப்பகுதியில் மண் மெல்லியது, உப்பும் சேர்ந்திருக்கும். செம்மண் பெரும்பாலும் நடுநிலைக்கும் இலேசான காரத்துக்கும் இடையில் நிற்கும். கல்லுக்குக் கிட்ட எடுத்த மண்ணும், கல் நொறுங்கிக் கலந்த மண்ணும் இன்னும் காரம்.

மண்ணை விடப் பெரிய விஷயம் தண்ணீர். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீரின் மேல் மிதக்கிற நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்த் தண்ணீரும் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர் கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டே வரும். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு அந்தக் கல்லே.

கேத்திலில் படிவது சாடியிலும் படியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கிணற்று நீரில் லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு லீற்றர் ஊற்றினால் 100 நாளில் 30 கிராம். தண்ணீரைச் செடி குடித்துவிடும், வெயில் குடித்துவிடும், சுண்ணாம்பின் பெரும்பகுதி சாடியிலேயே தங்கும். திறந்த நிலத்தில் மாரி மழை வந்து ஓரளவு கழுவிக்கொண்டு போகும். தாவாரத்துக்குக் கீழே வைத்த சாடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முதல் மாதம் செழித்து நின்ற கன்று மூன்றாம் மாதம் வெளிறுவதற்கு இந்த மெதுவான சேர்க்கை ஒரு காரணம். நட்டபோது நல்லதாக இருந்த மண்ணை நாங்களே வாளி வாளியாக மாற்றிவிடுகிறோம்.

அடுத்த ஊருக்குச் சொன்ன வைத்தியம்

இணையத்தில் வீட்டுத் தோட்டம் பற்றித் தேடினால் மூன்று அறிவுரைகள் திரும்பத் திரும்ப வரும்: முட்டைக்கோதை இடித்துப் போடுங்கள், அடுப்புச் சாம்பல் போடுங்கள், மண்ணுக்குக் கொஞ்சம் டொலமைற் (மகனீசியமும் சேர்ந்த சுண்ணாம்புக்கல் தூள்) கலவுங்கள். மூன்றும் அமில மண்ணுக்கான வைத்தியம். மலைநாட்டில், மழை ஓயாமல் கழுவுகிற ஈரவலயத்தில் அவை சரி. தேயிலை 4.5 முதல் 5.5 வரையான பீஎச்சை விரும்புகிற செடி. அந்த மண்ணில் மரக்கறி வைப்பவர் டொலமைற் போட்டுத்தான் ஆகவேண்டும்.

எங்களுக்கு நிலைமை நேர் எதிர். முட்டைக்கோது என்பது சுண்ணாம்பு, அதுதான் எங்கள் நிலத்தின் அடியில் மலைமலையாகக் கிடக்கிறது. சாம்பலும் காரம். பொற்றாசியம் இருப்பது உண்மைதான், ஆனால் வாரம் ஒரு சிரட்டை சாம்பல் சாடிக்குள் போனால் பீஎச் ஏறிக்கொண்டே போகும். இலையில் பூச்சிக்கு மெல்லிதாகத் தூவுவது வேறு, மண்ணில் கொட்டுவது வேறு. டொலமைற்றை இங்கே காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் 'கல்சியம் குறைவு, முட்டைக்கோது போடு' என்பார்கள். காயில் கல்சியம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் மண்ணில் அது குறைவதில்லை. கல்சியம் தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஏற்றம் தடைப்படும். தண்ணீரை ஒழுங்காக ஊற்றுவதுதான் அதற்கு மருந்து.

குசினிப் பொருளால் ஒரு சோதனை

மண்ணைக் காயவைத்து ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் கல் சுண்ணாம்பு இருக்கிறது. வெள்ளைத் துணுக்குகள் தெரிகிற மண், வீடு கட்டிய இடத்தில் அள்ளிய மண் இரண்டும் பலமாகச் சீறும். சீமெந்தும் சாந்தும் பூச்சுத் துண்டுகளும் விழுந்த இடத்து மண்ணைச் சாடிக்கு எடுக்கவே கூடாது. புதிதாக வீடு கட்டியவர்கள் வளவில் சுவரோரத்து மண்ணை அள்ளிச் சாடி நிரப்புவதை அடிக்கடி பார்க்கிறேன். சுவரில் இருந்து தள்ளி, பழைய மரத்தடியிலோ தோட்டத் தரையிலோ எடுப்பது எவ்வளவோ மேல்.

நுரைக்காவிட்டால் அமில மண் என்று அர்த்தமில்லை. கல் சுண்ணாம்பு அதிகம் இல்லை, அவ்வளவுதான். எண்ணாகத் தெரியவேண்டுமானால் பீஎச் தாள் வாங்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு மழைநீரோ வடித்த நீரோ சேர்த்துக் கலக்கி, அரை மணித்தியாலம் தெளியவிட்டு, மேலே நிற்கிற நீரில் தாளை நனைத்து நிறம் பாருங்கள். கிணற்று நீரில் கலக்கினால் அந்த நீரின் காரமும் சேர்ந்து மண்ணின் அளவைப் பிழையாகக் காட்டும். குச்சி போல மண்ணில் குத்துகிற மலிவான மீற்றர்களை நான் நம்புவதில்லை.

மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தேடுகிற பழக்கத்தை முதலில் விடவேண்டும். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நைதரசனைச் செடி தனக்குள்ளே இடம் மாற்றும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையில் இருப்பதை இழுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும், குருத்து பச்சையாக நிற்கும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. பழைய இலையில் போன இரும்பு அங்கேயே இருக்கும், புதிதாக வருகிற இலைக்குத்தான் இல்லாமல் போகும். அதனால் குருத்து வெளிறி, நரம்பு பச்சையாக வலைபோலத் தெரியும், அடியிலைகள் நன்றாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் பசளைக் காசு மிச்சம்.

நரம்பு பச்சை, இடை மஞ்சள் என்ற அதே தோற்றம் அடியிலைகளில் வந்தால் மகனீசியத்தை நினையுங்கள். அடியிலைகளின் விளிம்பு கருகினால் பொற்றாசியம். இலை நுனிகள் காய்ந்து, மண்ணின் மேலே வெள்ளைப் படிவும் தெரிந்தால் உப்புக் கூடிவிட்டது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் தேடுங்கள். அதற்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை, பசளை போட்டு அதைத் தீர்க்கவும் முடியாது.

மாரி காலத்தில் இன்னொரு மஞ்சள் வரும். சாடியின் துளை அடைபட்டு வேர் தண்ணீரில் நின்றால் அதற்கு மூச்சு இல்லை. மூச்சில்லாத வேர் இரும்பையும் எடுக்காது, நைதரசனையும் எடுக்காது. மண்ணில் எல்லாம் இருந்தும் செடி பட்டினி கிடக்கும். அப்போது பசளை போடுவது வீண். சாடியைச் சரித்துத் துளையைத் திறந்துவிடுங்கள்.

சாடி மண்ணை எப்படிச் சேர்ப்பது

சுண்ணாம்பு கலந்த மண்ணை அமிலம் போட்டு மாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கந்தகம் போட்டால் மண்ணில் இருக்கிற பக்ரீறியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும், உண்மைதான். ஆனால் 100 கிராம் சுண்ணாம்பை அழிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். 10 கிலோ மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு இருந்தால் அது 500 கிராம். அதற்கு 160 கிராம் கந்தகம் ஒரு சாடிக்கு. அவ்வளவையும் போட்டால் சுண்ணாம்பு அழிகிறதோ இல்லையோ, உப்பு ஏறி வேர் முதலில் போய்விடும். நுரைத்துச் சீறுகிற மண்ணோடு மல்லுக்கட்டாமல் வேறு மண் எடுப்பதே புத்தி.

சாடியில் வளர்ப்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தோட்டக்காரர் ஒரு பரப்புக் காணியின் மண்ணை மாற்ற முடியாது, நீங்கள் ஒரு சாடியின் மண்ணைக் கையாலேயே சேர்க்கலாம். நுரைக்காத செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கு. இதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்கிற கலவை. தும்புச்சோறு இலேசான அமிலப் பக்கம் நிற்கும், ஈரத்தையும் பிடிக்கும், காற்றுக்கும் இடம் விடும். ஆனால் அதில் உப்பு இருக்கக்கூடும், அதனால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுக்கவேண்டும். மணல் மண் உள்ள இடத்தில் எருவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எருவில் மக்கியது, மக்காதது என்ற வேறுபாடு மிக முக்கியம். பச்சைச் சாணம் சாடிக்குள் சூடாகி வேரைச் சுடும். மண் வாசம் வந்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தால் மக்கிவிட்டது. ஆட்டெரு மாட்டெருவை விடச் சத்துக் கூடியது, அதனால் பாதியளவு போதும். முட்டைக் கோழிகளின் எருவில் மட்டும் கவனம் வேண்டும். முட்டைக்கோது பலமாக வரவேண்டும் என்று அந்தக் கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துத் தீனியில் சேர்ப்பார்கள், அது எருவிலும் வரும். உப்பும் அதிகம்.

எருவும் இலையும் மண்ணில் செய்கிற வேலையைச் 'சத்து' என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. மக்கும்போது வருகிற கரிம அமிலங்கள் வேரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் அமிலப் பக்கம் இழுக்கும். அவற்றில் சில இரும்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கார மண்ணிலும் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். வேருக்கு வேண்டிய இரும்பு அந்த வழியால் வரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் பூவரசங் குழையை வெட்டித் தாழ்த்தியதும், பனையோலையை நறுக்கிப் புதைத்ததும், கோடையில் ஆட்டுப் பட்டியைத் தோட்டத்தில் அடைத்ததும் வெறும் பழக்கத்துக்காக அல்ல. சுண்ணாம்பு நிலத்தில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தவர்களின் அறிவு அது. வேலியில் பூவரசோ சீமைக்கிளுவையோ நின்றால் குழையை வெட்டி எரிக்காமல் கூட்டெருவில் போடுங்கள், அல்லது வாடவிட்டுச் சாடியின் மேல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பிவிடுங்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மூடாக்கு இல்லாத சாடி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

எங்கள் வெயிலில் எரு வேகமாகக் கரைந்து போகும். ஒரு தடவை போட்டது அடுத்த போகத்துக்கு மிஞ்சாது. ஒவ்வொரு கன்று மாற்றும்போதும் மேல்மண்ணில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிய எரு சேர்க்கவேண்டும்.

சாடியின் அளவு பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்க்கு 15 லீற்றருக்குக் குறையாதது நல்லது. சின்னச் சாடியில் உப்பும் சுண்ணாம்பும் வேகமாகச் சேரும், சூடும் வேகமாக ஏறும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் வைத்தால் வெயில் படுகிற பக்கத்தை ஓலையாலோ சாக்காலோ மறைத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர், எப்படி

மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை, இலேசான அமிலம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை 1000 லீற்றர். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து மார்கழி வரையில் கொட்டிவிடும், பிறகு நீண்ட வெயில். பீலியில் இருந்து ஒரு 1000 லீற்றர் தாங்கிக்கு வழி செய்து வைத்தால், பத்துச் சாடிக்கு ஒவ்வொரு லீற்றர் வீதம் 100 நாள் காணும். தாங்கிக்கும் பரலுக்கும் நுளம்பு போகாத வலையும் மூடியும் கட்டாயம் வேண்டும். மாரியோடு டெங்கு வருகிற ஊர் இது, செடிக்காகச் சேர்த்த தண்ணீரில் நுளம்பு பெருகக் கூடாது.

மழைநீர் போதாவிட்டால் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம், அல்லது வாரத்தில் ஒரு நாளாவது மழைநீர் ஊற்றலாம். வினாகிரி கலந்து ஊற்றுகிற வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. ஒரு லீற்றர் கடின நீரில் ஒரு தேக்கரண்டி வினாகிரி, கரைந்திருக்கிற சுண்ணாம்பின் காரத்தில் பெரும்பகுதியை அப்போதைக்கு அடக்கும். ஆனால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் வினாகிரியைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும், காரம் மறுபடியும் தலைகாட்டும். அவசரத்துக்குச் சரி, அதை நம்பி ஒரு போகம் ஓட்ட முடியாது.

ஊற்றும் விதமும் முக்கியம். தினமும் ஒரு கோப்பை வீதம் மேலால் நனைத்துவிட்டுப் போனால் தண்ணீர் அடிக்குப் போகாது, உப்பும் சுண்ணாம்பும் அந்த மேற்படையிலேயே சேரும். விரலை மண்ணில் ஓரங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் கொஞ்சம் வடியும் வரை நிறைய ஊற்றுங்கள். வடிகிற அந்தத் தண்ணீர்தான் உப்பை வெளியே கொண்டுபோகும். சாடிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள், திரும்ப உறிஞ்சவிட வேண்டாம். குடிக்கும்போது நாக்கில் உவர்ப்புத் தெரிகிற கிணற்று நீரை மிளகாய்க்கோ பயிற்றைக்கோ ஊற்றவே கூடாது.

பசளை, அதோடு கிணறு

மேலே சொன்ன கலவையில் முதல் மூன்று நான்கு கிழமைக்குப் பசளை தேவைப்படாது. பிறகு வளர்ச்சி மந்தமாகி அடியிலை மஞ்சளானால் சிறிய அளவில் கொடுக்கலாம். யூரியாவை மண்ணின் மேல் தூவிவிட்டுப் போனால் கார மண்ணில் அதன் நைதரசனில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணைக் கிளறி உள்ளே மூடி, உடனே தண்ணீர் விடவேண்டும். அமோனியம் சல்பேற்று கிடைத்தால் எங்கள் மண்ணுக்கு அது இன்னும் பொருத்தம், நைதரசனோடு மண்ணைச் சிறிது அமிலப் பக்கமும் இழுக்கும். 15 லீற்றர் சாடிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஒரு தடவையில் எதையும் போடாதீர்கள். காய்ந்த மண்ணில் பசளை போடுவதும் கூடாது.

கூடுதலாகப் போட்டால் கொஞ்சம் கூடுதலாக விளையும் என்ற நினைப்பு எங்கள் ஊரில் பலமாக இருக்கிறது. செடி எடுக்காமல் விட்ட நைதரசன் நைத்திரேற்றாகக் கரைந்து, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, குடிக்கிற கிணற்றுக்கே வந்துசேரும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தீவிரமாகத் தோட்டம் செய்கிற வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற திறனை நைத்திரேற்று குறைக்கும். நான்கு சாடியில் இருந்து இறங்குவது கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு வளவிலும் நான்கு சாடி இருக்கிறது, எல்லாருக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர். அளந்து போடுவது செடிக்காக மட்டும் அல்ல.

ஏற்கெனவே வெளிறிவிட்ட கன்றுக்கு

முதலில் துளை திறந்திருக்கிறதா, மண் சேறாக நிற்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் குருத்து வெளிறியே இருந்தால், பெரஸ் சல்பேற்று என்ற, தண்ணீரில் கரைகிற இரும்பு உப்பு 5 கிராமை ஒரு லீற்றர் மழைநீரில் கரைத்து, வெயில் தணிந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். முதலில் இரண்டு மூன்று இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்து, கருகவில்லை என்றால் மிச்சத்துக்கும் தெளியுங்கள். சில நாட்களில் தெளித்த இடம் திட்டுத் திட்டாகப் பச்சைக்கு வந்தால் உங்கள் கணிப்புச் சரி, குறை இரும்பில்தான். வராவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

அதே பெரஸ் சல்பேற்றை மண்ணில் போடுவது காசைக் கொட்டுவது. சுண்ணாம்பு மண்ணில் அது விரைவில் துருவாகிக் கரையாமல் போகும், ஏற்கெனவே இருக்கிற இரும்போடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். மண்ணில் போடுவதாக இருந்தால் செலேற் இரும்பு, அதாவது கரையாமல் போகாதபடி வேறொரு சேர்வை சுற்றிப் பிடித்திருக்கிற இரும்பு, வாங்கவேண்டும். அதிலும் வகை பார்க்கவேண்டும். ஈ.டி.ரி.ஏ. என்று எழுதியது பீஎச் 6.5 வரைதான் நன்றாகத் தாங்கும், டி.ரி.பி.ஏ. 7.5 வரை. ஈ.டி.டி.எச்.ஏ. என்றது மட்டுமே எங்கள் மண்ணின் காரத்தையும் தாண்டி வேலை செய்யும். விலை கூட, ஆனால் சாடிக்கு மிகச் சிறிய அளவே போதும். பைக்கற்றில் வகை எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள்.

தெளிப்பது தற்காலிகம். இரும்பு இலைக்கு இலை நகராததால், அடுத்து வருகிற குருத்து மறுபடியும் வெளிறும். அதற்குள் மேல்மண்ணை மாற்றி, மக்கிய எரு சேர்த்து, தண்ணீரை மழைநீருக்கு மாற்றிவிடவேண்டும். இவ்வளவும் செய்து மூன்று கிழமையில் புதுக்குருத்துப் பச்சையாக வராவிட்டால், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நேரில் போனால் சாடியின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பிடி மண், ஒரு போத்தல் கிணற்று நீர், குருத்தோடும் அடியிலையோடும் முறித்த ஒரு கிளை மூன்றையும் கொண்டுபோங்கள். என்ன பசளை, எப்போது, எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.